ஆறு கீல்கள்

மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில்
துணிக்குப் பதில் ஆறு கீல்களைத் தொங்கவிட்டேன்.
ஐப்பசியில் கட்டியது.
தை பிறக்கும்போது நான்கு செத்திருந்தன.
ஒன்று இருமியது.
ஒன்று மட்டும், கடையில் வாங்கிய அன்று போலவே
திறந்தது, மூடியது.
விலை மற்றவற்றைப் போல் மூன்று மடங்கு.

இப்படித்தான் ஆரம்பித்தது
மண்டபத்தில் என் தொழில்.

அதற்கு முன் பதினோரு வருஷம்
காப்பீட்டுக் கம்பெனிக்குப் படகு அளந்தேன்.
புயல் போன மறுநாள்
டேப்பும் கேமராவுமாய்க் கரையில் இறங்குவேன்.
உடைந்த ஏராவுக்கு இத்தனை,
பிளந்த பலகைக்கு இத்தனை,
பழையது என்று கழிப்பது இத்தனை.
கழிப்பதில் கெட்டிக்காரன்.
ஒரு வருஷம் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

வேலையை விட்டேன் என்றதும் மைத்துனன் சிரித்தான்.
"இன்டீரியரா? இந்த ஊர்லயா?
நாலு சேரை எங்க போடுறதுன்னு
காசு குடுத்துக் கேப்பாங்களா மாமா?"
தமயந்தி ஒன்றும் சொல்லவில்லை.
மாதக் கடைசித் தேதியைச் சுற்றி
காலண்டரில் சிவப்பு வட்டம் போடுவாள்.
அந்த மாதத்திலிருந்து போடவில்லை.

ராமநாதபுரத்தில் இருநூறு விசிட்டிங் கார்டு அடித்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றேழு இன்னும் பெட்டியில்.
போன மூன்றில் ஒன்று
பாம்பனுக்குப் போனது.

மெட்டில்டா அக்கா கதவைத் திறந்து
என் முகத்தைப் பார்த்தார்.
"முப்பத்தெட்டாயிரத்து நானூறு" என்றார்.
அவர்கள் படகுக்கு நான் கழித்த தொகை.
ரூபாய் பிசகாமல் அவருக்கு ஞாபகம்.
எனக்குப் படகின் நிறம்கூட இல்லை.
வாசலிலேயே நின்றேன்.
டேப் சட்டைப்பையில் கனத்தது.

"உள்ள வா தம்பி.
கஞ்சமா அளக்குற ஆள்தான் வேணும்.
எங்கிட்ட காசு கொஞ்சம்தான் இருக்கு."

பத்துக்குப் பதினாலு ஹால்.
ஒட்டினாற்போல் அடுப்படி,
அடுப்புக்கு நேரே கடல் பார்த்த ஜன்னல்.
அடுத்த வாரம் ஒரு படம் கொண்டுபோனேன்:
சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி,
கண்ணாடி முழுக்க நீலம்.
லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியபோது
எனக்கே பெருமையாக இருந்தது.

சற்று நேரம் பார்த்துவிட்டு,
"இதை அடைச்சிரு" என்றார்.
"எதை அக்கா?"
"கடலை."

பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு,
"அவரு போனா வர்ற வரைக்கும் அதைத்தான பாக்குறேன்.
பாத்தா போட்டு சீக்கிரம் வந்துருதா?
பால் பொங்கி வழியுது, அவ்வளவுதான்.
ரோட்டுப் பக்கம் ஒண்ணு திற.
பஸ்ல யாரு எறங்குறா, யாரு சண்டை போடுறா,
எனக்கு மனுசரைப் பாக்கணும்."

சென்னையில் இரண்டு மாத வகுப்பில்
கடல் தெரிந்தால் சதுரடிக்கு என்ன கூடும் என்று
கணக்குப் போடச் சொல்லித்தந்தார்கள்.
நோட்டில் இன்னும் இருக்கிறது அந்தப் பக்கம்.

அன்றிரவு அழித்து அழித்து வரைந்தேன்.
ரோட்டுப் பக்கம் தாழ்வாக ஒரு ஜன்னல்.
அதன் கீழே, உட்கார்ந்தபடி மீன் ஆய ஒரு மேடை,
தண்ணீர் தானாக வடிய அரை அங்குலச் சரிவு.
கடல் இருந்த இடத்தில் மளிகை அடுக்கு.
காற்றுக்குக் கையகலம் ஓர் ஓட்டை விட்டேன்.
கச்சான் அடித்த முதல் நாளே
அதில் தினத்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டார்.

எஸ்டிமேட்டின் கடைசி வரியில்
பழக்கதோஷத்தில் "கழிவு" என்று எழுதியிருந்தேன்.
எதைக் கழிப்பது என்று தெரியாமல்
என் கூலியில் பாதியை எழுதினேன்.
அக்கா விரல் வைத்துப் படித்தார்.
"இதுலயும் கழிச்சிட்டியா" என்றார்.
திட்டா, பாராட்டா, இன்றுவரை தெரியாது.
கீல் விலைக்கு மட்டும் பேரம் பேசினார்.
நான் அசையவில்லை.

ஊருக்கெல்லாம் படம் காட்டுவேன் என்று நினைத்தேன்.
போட்டோ எடுக்கப் போன மத்தியானம்
ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி
கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
படத்தில் விழுந்தது முதுகு மட்டும்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன்.
துருப்பிடித்த ஐந்தும் கயிற்றிலேயே தொங்கின.
தமயந்தி என் வெள்ளைச் சட்டையை
கறை ஒட்டாத தூரத்தில்
தள்ளிக் காயப்போட்டிருந்தாள்.