மூச்சளவு

தங்கச்சிமடம் தபால்காரருக்கு நான் இன்றும் அருளப்பன்.
வடபழனியில் பத்தொன்பது வருடம் நெய்தல்மணி.
நான்காவது படம் சுருண்டபோது
எண்கணிதக்காரர் சொல்லி நெய்தல்மணியன் ஆனேன்.
ஐந்தாவதும் சுருண்டது,
கூடுதல் எழுத்துகளோடு.

இரவு பதினொன்றுக்குத் தன்னானே வரும்.
விடிவதற்குள் நிரப்ப வேண்டும்.
கடல் என்றால் நீலம் போட்டேன்,
நீலம் என்றால் அவள் கண்.
ஒன்று மட்டும் பேருந்துகளில் ஓடியது.
போன மாதம் அதன் உரிமைத்தொகை
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்
கைப்பேசியில் வந்து விழுந்தது,
மண்டபம் ஐஸ் கம்பெனியில்
நான் கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில்.
"எத்தனை பார்?" என்றார் லாரிக்காரர்.
"நாற்பது."
அவர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது எது என்று
நான் சொல்லவில்லை.

சின்னப்பாலத்திலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள்.
கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடியின் வட்டம்,
விரல்களில் ஈரத்துணி.
"பாசி எடுக்கிற பொம்பளைங்க சங்கத்துக்கு
ஒரு பாட்டு வேணும்.
கலெக்டர் ஆபீஸ் வாசல்ல பாடணும்.
காசு கிடையாது. மெட்டும் கிடையாது."

மெட்டில்லாமல் நான் எழுதியதே இல்லை.
"பிறகு எதை அளவா வெச்சு எழுத?"

அவள் வாயை மூடி மூக்கைப் பிடித்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
முப்பது.
நாற்பது.
வெளியே லாரி கிளம்பிப் போயிற்று.
அறுபத்தெட்டில் விட்டாள்.
"மேல வந்ததும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் பாருங்க,
அது தாங்குற அளவுதான் ஒரு வரி."

கொண்டுபோன அன்று
கரையில் மரிக்கொழுந்துப் பாசி காய்ந்துகொண்டிருந்தது.
"நீலம் வேணாம்," என்றாள்.
"உள்ளே நீலம் ஏது? கலங்கல்."
வெட்டினேன்.
"கடலைத் தாயேன்னு கூப்பிடுறீங்க,"
காலில் தகரத் தட்டைக் கட்டியபடி இன்னொருத்தி,
"பன்னெண்டு நாள் வேலை குடுக்குது.
மிச்ச நாளு யார் தாயி?"
வெட்டினேன்.
சென்னையிலும் வெட்டியிருக்கிறார்கள்,
சந்தம் இடிக்கிறது, தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை என்று.
பொய் என்று யாரும் வெட்டியதில்லை.

பதினொரு வரி மிஞ்சியது. சிலவற்றில் இரண்டே சொல்.
ராமநாதபுரத்து வெயிலில் அதைப் பாடினார்கள்.
மனுவை வாங்கிக்கொண்டார்கள்,
பதில் இன்னும் வரவில்லை.
எழுதியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.
நானும் வரிசையில்தான் நின்றேன்,
தண்ணீர்ப் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு.

இப்போது ஷிப்ட் முடிந்ததும்
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூச்சடக்கிப் பார்க்கிறேன்.
இருபத்தாறு. நேற்று முப்பத்தொன்று.
மேலே வரும்போது வாயில் என்ன நிற்கிறதோ
அதை ஐஸ் ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்.
பெரும்பாலும் இருமல்தான்.
நேற்று ஒரு சொல் நின்றது.
பஞ்சவர்ணத்திடம் காட்ட வேண்டும்.
வெட்டினாலும் வெட்டுவாள்.