செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குள்

டுலூத் துறைமுகத்தில் தூக்குப்பாலம் எழுகிறது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று
இவ்வளவுதான் தாங்குவேன் என்று
விலாவில் கோடு போட்டுக்கொண்டு வெளியேறுகிறது.

என் கோடு கணினித் திரையில்.
நாளை நான்கு மணிக்குள்
ஐம்பத்துமூன்று பேர் அதற்குள் அடங்கவேண்டும்.
இன்றிரவு நாலு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் ஆழத்தில்
மூழ்கிக் கிடக்கிறோம்.

குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்ததை யாரும் கேட்பதில்லை.
மழைக்கு ரசீது கேட்பார்களா?
அவனுடைய இடப்பக்கம் காக்கும் டவீட்டா லெயாடாவுவா,
முந்நூற்று முப்பது பவுண்டு.
அவனைத் தொட்டால் பயிற்சியாளர் என் மேசையைக் கவிழ்ப்பார்.
தொடவில்லை.
சம்பளத்துக்கு ஊக்கத்தொகை என்று பெயர்சூட்டி
நான்கு வருடத்துக்குப் பிட்டுப் போட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட்டேன்.
நான்காம் வருடம் இந்த நாற்காலியில் இருப்பவள்
என்னைச் சபிப்பாள்,
எனக்கு முன்பிருந்தவரை நான் சபிப்பதுபோல.

அவர் விட்டுப்போன சொத்து கார்வின் ப்ரூசார்ட்.
முழங்கால் போய் இரண்டு வருடம்.
லூசியானாவில் படகு விற்கிறான்,
எங்கள் ஏட்டில் இன்னும் அறுபத்திரண்டு லட்சம் எடை.
செத்த பணம் என்று இதற்குப் பெயர்.
பணம்தான் செத்தது. அவன் நன்றாகத்தான் இருக்கிறான்,
கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி இறால் அனுப்பினான்.

மிச்சம் ஆரின் வெல்ட்காம்ப்.
குனிந்து, கால்களுக்கிடையே
பந்தைப் பின்னால் எறிபவன்.
பதினைந்து கஜம், முக்கால் நொடி.
பத்துப் பருவமாக மைதானத்தைத் தலைகீழாகவே பார்த்தவன்.
ஒருமுறையும் பிசகவில்லை.
ஆகவே ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது.

ஒன்பதரைக்கு வந்தான், ரப்பர் செருப்போடு,
கையில் ஒரு தாள்.
மனைவி ஜோலீன் தீவனக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.
"நாலு பத்து," என்றான்.
சரியான தொகை. நான் யாரிடமும் சொல்லாத தொகை.
"புதுப் பையன் வாங்குவதையே எனக்குக் கொடு, மாரிட்."
"முடியாது."
"நானே கேட்கிறேனே."
"நீ கேட்டாலும்."

விதி இருக்கிறது. ஆண்டு ஏற ஏற
அடிச்சம்பளமும் ஏறவேண்டும்,
தேய்ந்தவனை மலிவாக வாங்கிவிடக் கூடாது.
சங்கம் சண்டைபோட்டு வாங்கியது. நல்ல விதி.
இதைப் போன்ற ஒன்றுக்காக என் அப்பா
சுரங்க வாசலில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றார்.
அதே விதிதான் இப்போது
ஆரினைக் கதவுவரை கொண்டுவிடுகிறது,
மரியாதையாக, தோளில் கைபோட்டு.

நின்றான். நின்று நின்று விலை ஏறிவிட்டான்.

அவன் போனதும் அந்த வரியை நீக்கினேன்.
சிவப்பு எண் பச்சையானது.
தாளை மேசையில் விட்டுப்போயிருந்தான்.
ஜோலீனின் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

புதுப் பையன் டெக்லன் ஸபோட்கா.
பந்து கொஞ்சம் தள்ளாடும், விலை தள்ளாடாது.
நான்காவது வாரம், மழை.
உதைப்பவனின் தலைக்கு மேலே பறந்தது பந்து.
அப்படி ஒரு வேலை உண்டென்று
ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.
வானொலிக்காரர் பையனின் பெயரை
ஏழு முறை சொன்னார், எண்ணினேன்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்:
வேலையில்லாதவனின் விலை வாரத்துக்கு வாரம் கரையும்,
பதினெட்டில் ஒரு பங்கு.
திங்கட்கிழமைதோறும் ஆரின் பெயரைத் தட்டிப் பார்த்தேன்.
சிவப்பு.
சிவப்பு.
எட்டாம் வாரம் தொண்ணூறு டாலரில் சிவப்பு.
என் பையிலிருந்து போடலாமென்றால்
அதற்கும் தண்டனை இருக்கிறது.

ஒன்பதாம் வாரம் உள்ளே வந்தான்.
துறைமுகத்தில் பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது.
போன் செய்தேன். ஜோலீன் எடுத்தாள்,
பின்னால் மூட்டை விழும் சத்தம்.

"பத்தாம் வாரம் என்று போட்டிருந்தோம்," என்றாள்.
"எங்கே மிச்சம் பிடித்தாய்?"