திங்கட்கிழமைச் செபமாலை

ஒக்ரோபர் இருபத்தொன்று, என் வீட்டு முறை.
மழை வரப் பார்த்து வராமல் நிற்கிற புழுக்கம்.
நாவாந்துறை ஒழுங்கைக்குள் எட்வேட் அண்ணையின் ஓட்டோ;
பின் சீற்றில் இரண்டு பெடியளுக்கு நடுவில்
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல்
இறுக்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள் உங்களை.

சோடாப் பெட்டி இரண்டு, மேலே பலகை,
பலகைக்கு மேல் என் கலியாணச் சேலை.
வலக்கைச் சின்னிவிரல் உடைந்து ஒட்டியிருக்கிறது,
பசை மஞ்சளாய்த் தெரிகிறது.
முக்காடு வழுகிக்கொண்டே இருந்தது.
என் சட்டை ஊசியைக் கழற்றி
அதில் குத்தினேன்.

கைக்கு மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன்.
நண்டுக் கம்பனியில் எட்டு மணித்தியாலம்
ஓடு உடைத்துச் சதை எடுக்கிற கை.
மணம் போகவில்லை.
உங்கள் மகன் கூட்டிவந்த சிநேகிதரும்
இப்படித்தானே மணத்திருப்பார்கள்.

ஆறரைக்குச் சனம். பாய் காணாது, சாக்கும் விரித்தேன்.
முன்சொல்கிற மெற்றில்டா அக்கா
மணியை எடுத்தா, சுவர்க் கலண்டரைப் பார்த்தா,
பிறகு என்னைப் பார்த்தா.
"இண்டைக்குத் துயரத்தைச் சொல்லுவமே?"
திங்கள். திங்களுக்குச் சந்தோசம்.
சந்தோசத்தில் ஐந்தாவது என்னவென்று
பாயில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.
"திங்களுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன்.

சம்மனசு வந்தது. எலிசபெத்தம்மாவைப் பார்க்க மலையேறினது.
மாட்டுக்கொட்டில். கோயிலில் ஒப்புக்கொடுத்தது.
நாலாவது முடியப் பல்லி சொன்னது,
ஒருவரும் நிலத்தில் தட்டவில்லை.

ஐந்தாவதுக்கு மெற்றில்டா அக்காவின் குரல் வரவில்லை.
நான் சொன்னேன்:
காணாமற்போன மகனைத் தாய் கோயிலில் கண்டடைந்தது.
என் குரல் நடுங்கவில்லை.
பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
பத்து மணியும் நானே சொன்னேன்,
பத்தும்.

கடலை முடிந்தது. பிளேன்ரீக் கோப்பைகள் கிணற்றடியில்.
கரண்ட் போயிற்று.
நுளம்பு உங்களைக் கடிக்காது, தெரியும்.
எண்டாலும் வலையை உங்களுக்கும் சேர்த்துக் கட்டினேன்.

சனம் இருக்குமட்டும் நீங்கள்.
இனி நீ.

மூன்று நாள்.
தேடிப்போன வழியெல்லாம் ஆரிட்டக் கேட்டாய்?
என்ன உடுப்பு எண்டு சொன்னாய்?
அந்த மூன்று நாளும் நீ என்ன சாப்பிட்டாய் எண்டு
ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.
சூசையப்பர் வாய் திறந்தாரோ?
என்ர மனுசன் திறக்கேல்லை, சாகுமட்டும்.

கண்டதும் நீ அவனைக் கட்டிப்பிடிச்சதாய் இல்லை.
ஏசினாய்.
எங்களை ஏனடா இப்படி அலைய வைச்சாய் எண்டு
படிச்ச ஆக்களுக்கு முன்னால் வைச்சு ஏசினாய்.
உன்னில எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்.
கிரீடமில்லை, நட்சத்திரமில்லை, அந்த ஏச்சு.

என்னட்டையும் ஒண்டு இருக்கு.
றெஜினோல்ட், பாண் வாங்கப் போனவன்,
ஊரடங்குக்கு முதல் வந்திடுவன் எண்டவன்.
எங்கையடா போனனி, சைக்கிள் எங்கையடா,
இதுதான் பாண் வாங்கிற நேரமோ.
பதினெட்டு வருசமாய் வாய்க்குள்ள வைச்சிருக்கிறன்.
போகேக்க அவனுக்குப் பத்தொன்பது.
இப்ப முப்பத்தேழு வயசு ஆம்பிளையை
எப்படி ஏசுறது எண்டுதான் தெரியேல்லை.
'டா' போடலாமோ?

எத்தனை ஆணைக்குழு, எத்தனை மேசை.
படம் ஒண்டுதான். பிளாஸ்ரிக் உறை மட்டும்
மூன்று தரம் மாத்தினேன்.

உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை.
கேட்டுக் கேட்டு உனக்கும் காது புளிச்சிருக்கும்.
ஒண்டை மட்டும் சொல்லு:
இரண்டாம் நாள் இரவு,
அது எப்படி விடிஞ்சது?
எனக்கு இன்னும் இரண்டாம் நாள்.

வலைக்குள் நீ பேசாமல் நின்றாய்.
பாம்பை மிதித்த உன் கால் வெறுங்கால்.
அதில் கையை வைத்தபடி
எப்ப நித்திரையானேன், தெரியாது.

காலை ஓட்டோ கோர்ன் அடித்தது.
அடுத்தது வலன்ரீனா வீட்டு முறை.
பெடியள் தூக்கும்போதுதான் கண்டேன்,
முக்காட்டில் என் ஊசி.
கேட்க வெட்கம். போகட்டும்.

ஆறே முக்காலுக்குக் கம்பனி பஸ்.
சட்டையை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு
ஓடினேன்.