நூற்றுப் பதினாறாம் பக்கம்

"படித்தபோது உன் மனதில் தோன்றியதை எழுதுக"
என்று பலகையில் எழுதிப் போட்டார் தமிழம்மா.
பத்து மதிப்பெண்.
தோன்றியதை எழுதினேன்.
நான்கு.

எழுதியது இவ்வளவுதான்:

நூற்றுப் பதினாறாம் பக்கத்தில்
அம்சவேணி கிணற்றில் குதிக்கிறாள்.
மேலே நிலா இருக்கிறது.
கீழே தண்ணீர் இருக்கிறது.
தண்ணீருக்குள்ளும் ஒரு நிலா இருக்கிறது.

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம்
கிணறு என்றால் எழுபதடிப் பாறை.
அடியில் வேலாமுள்,
கோழித்தீவனச் சாக்கு,
ஒற்றைச் செருப்பு.
தண்ணீர் இருப்பது
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே
ஆறரை அங்குலக் குழிக்குள்.
அம்சவேணி இங்கே குதித்திருந்தால்
கால் ஒடிந்து உட்கார்ந்திருப்பாள்.
விடிந்ததும் யாராவது வந்து கயிறு விடுவார்கள்.
மேலே ஏறி வந்து
அவள் பேசவேண்டியிருக்கும்.
எழுதியவருக்கு அதுதான் பயம் போல.

சிவப்பு மையில் தமிழம்மா:
"கதைக்குள் நில்."

கனிஷ்காவுக்கு ஒன்பது.
"அம்சவேணியின் தியாகம்
என் கண்களைக் குளமாக்கியது"
என்று முடித்திருந்தாள்.
மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டாதவள் அவள்.
சங்ககிரி பஸ்ஸில் நின்றபடி கேட்டேன்:
"நெசமாலுமே குளமாச்சாடி?"
"போடி, கொளத்துலயே தண்ணி இல்லை."

இதற்கு முந்தின நாவலில் ஒரு அப்பா.
பட்டாளத்திலிருந்து வாரம் ஒரு கடிதம்,
மூன்று பக்கம்,
அதில் முக்கால் பக்கம் மழையைப் பற்றியே.
எங்கப்பா ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம்.
அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜில்
முக்கால்வாசி கம்ப்ரசர் சத்தம்.
"சாப்டியா கண்ணு.
எண்ணூறடி போயாச்சு.
பொகைதான் வருது."
பதினோரு நொடி.

அந்தப் பட்டாளத்து அப்பாவை எனக்குப் பிடிக்கவில்லை.
அது பொறாமை என்று எப்படி எழுதுவது?
"கடிதப் பகுதிகளில் நடை தொய்வடைகிறது"
என்று எழுதினேன்.
அதற்கு எட்டு.

அம்சவேணி கதையை
அம்மாவுக்குச் சொன்னேன்,
பண்ணையில் அட்டை அட்டையாய்
முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது.
ஊர் ஒரு பேச்சுப் பேசியது,
அவள் குதித்துவிட்டாள் என்றேன்.
"அதுக்கா?" என்றாள் அம்மா.
முப்பது முட்டை நிறைந்தது.
அடுத்த அட்டையை எடுத்தாள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா கூப்பிட்டார்.
டீசல் வரவில்லையாம், வண்டி நிற்கிறது,
பேச நேரம் இருக்கிறது.
என்ன பேசுவதென்று
இரண்டு பேருக்கும் தெரியாததால்
அவருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன்.
"எத்தனையடிக் கெணறு?"
போடலீங்ப்பா.
"கல்லுக்கட்டா, பாறையா?"
அதும் போடலை.
கொஞ்ச நேரம் நாய் குரைப்பது மட்டும் கேட்டது,
அந்த ஊர் நாய்.
"அப்பறம் அந்தப் புள்ளைய ஆரு எடுத்தா?"

புத்தகத்தை எடுத்துத் தேடினேன்.
நூற்றுப் பதினேழில் அவள் புருஷன் அழுகிறான்.
இருபதில் அவனுக்கு ஞானம் வருகிறது.
முப்பத்தொன்றில் கோயில் கட்டுகிறான்.
கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டேன்,
யாரும் எடுக்கவில்லை.

"ஆரும் எடுக்கலீங்ப்பா."
"அதெப்படி?" என்றார்.
பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல,
"என்ற வண்டீல எப்பவும்
எரநூறடி கயிறு கெடக்குது கண்ணு."

விடைத்தாளைத் திரும்ப வாங்கி
இதையும் சேர்த்து எழுதலாமா என்று
தமிழம்மாவிடம் கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.
நூலகப் பிரதியில் மட்டும்
நூற்றுப் பதினாறாம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
ஆரு எடுத்தா?
"ஆரு" என்பதை அழித்து "யார்" ஆக்கினேன்.
மறுபடியும் அழித்து
ஆரு என்றே எழுதினேன்.
தாள் அந்த இடத்தில்
கொஞ்சம் நைந்துவிட்டது.

மூன்றாவது நாவல் திங்கட்கிழமை கொடுத்தார்கள்.
இன்னும் பிரிக்கவில்லை.
அட்டையில் ஒருத்தி
குடத்தோடு போகிறாள்.
ததும்புகிறது.
எந்த ஊர்த் தண்ணீர் என்று
முதலில் அதைப் பார்க்கவேண்டும்.