நடுப்பெட்டிப் பூ

கல்லடியில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில்
நாய் கட்டிய வீடு.
சந்திரவதனி அக்கா போனில் சொன்ன குறை இவ்வளவுதான்:
"மெஷின் ஓடுது தம்பி, ஆனா ஊத்தை போகுதில்ல."

காத்தான்குடியிலிருந்து மழைக்குள் போனேன்.
குளியலறை வாசலில் கால் துடைக்கிற சாக்கில் நின்று
முதலில் மோட்டாரைக் கேட்டேன். நல்ல சத்தம்.
பம்பும் நல்லது. பெல்ட்டும் இறுக்கம்.
பிறகு லாச்சியை இழுத்தேன்.
வரவில்லை.

முட்டியால் தட்டித் தட்டி எடுத்தபோது
ஐந்து மாதத்துச் சவர்க்காரத்தூள்
நடுப்பெட்டியில், சுண்ணாம்புக் கல்லாக.
நகம் வைத்தால் நகம்தான் தேயும்.
இரண்டு கோடு போட்ட இடப்பெட்டி
பெட்டி உடைத்த அன்று போல் பளிச்.
ஒரு கோடு போட்ட வலப்பெட்டியில்
சிலந்தி வலை.

"ஏன் அக்கா நடுவில?"
"அதிலதானே பூ கிடக்கு."
அலுமாரிக்கு மேலிருந்து தூள் பெட்டியை இறக்கிக் காட்டினா.
அதிலும் பூ. மஞ்சள். ஐந்து இதழ்.
நான் சிரிக்கவில்லை.
பூவைப் பூவில் சேர்த்தவவில் என்ன பிழை பிடிக்க?
மெஷின் கட்டாரிலிருந்து மகன் அனுப்பியது.
கையேடு முழுக்க அரபு.
எனக்கு அதை ஓதத் தெரியும்,
பொருள் தெரியாது.

தூள் இரண்டு கோட்டுக்குள் அக்கா, என்றேன்.
ஒரு கோடு, சேற்று உடுப்பை முன்கூட்டி நனைத்தெடுக்க.
அதற்குரிய பட்டனை அமத்தினால்தான்
தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பும்.
பூவுக்குள் மணக்கிற நீலத் தண்ணி மட்டும்.
அது கடைசி அலசலில்தான் இறங்கும்.

"கடைசியிலயா?"
"கடைசியில."

அக்கா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
அப்போ இவ்வளவு நாளும்
வெறுந்தண்ணியில் தோய்த்து
சவர்க்காரத்தில் அலசி
அப்படியே கொடியில் போட்டிருக்கிறா.
உள்ளே திரும்பிக் கூப்பிட்டா:
"இஞ்சரப்பா, உங்கட கடி!"

கிருபைராஜா அண்ணன் வெறும் மேலோடு வந்தார்.
முதுகு முழுக்கச் சொறிந்த கோடு.
ஆரையம்பதி டொக்டர் முதலில் இறாலை நிறுத்தினாராம்.
பிறகு நண்டு. பிறகு கத்தரிக்காய்.
கிணற்றைச் சந்தேகித்து குளோரின் போட்டார்களாம்.
மாமாங்கத்துக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று.
ஒருதரும் இந்த லாச்சியை இழுத்துப் பார்க்கவில்லை.

சுடுதண்ணியில் ஊறவைத்து
பழைய பல் பிரஷ்ஷால் குடைந்தேன்.
துப்புரவான பிறகு பேசினுக்கு மேல் பிடித்து
பூப்பெட்டிக்குள் கோப்பையால் ஊற்றிக் காட்டினேன்.
அளவுக்கோடு மட்டும் நின்றது.
சொட்டும் அசையவில்லை.
கோட்டுக்கு மேலே ஒரு கரண்டி,
தானாகவே, அடிவரைக்கும்
கொட்டித் தீர்ந்தது.
நடுவிலிருக்கிற குழாய்த்தொப்பியின் வேலை அது.
அதனால்தான் கோட்டைத் தாண்டக் கூடாது, என்றேன்.

"இன்னொருக்காச் செய்ங்க."
செய்தேன்.
மறுகா கோப்பையைத் தானே வாங்கி
அக்கா ஊற்றினா. நின்றது.
ஊற்றினா. நின்றது.
ஊற்றினா.
எல்லாம் போயிற்று.
"என்னைப் போலத்தான்," என்றா
பேசினைப் பார்த்து.

பூவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி
மார்க்கரால் எழுதினேன்: தூள் போட வேண்டாம்.
ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன், இரண்டாயிரம் தந்தா.
மிச்சம் எடுக்கையில்
முன்னுக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுப்படுகிற சத்தம்.
மழை விடவில்லை.
அண்ணன் கொடியில் கிடந்த சேட்டைக்
கையில் அகப்பட்டபடி மாட்டிக்கொண்டு
ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டார்.
"பாலத்தடியில இந்நேரம் இறால் வந்திருக்கும்!"

அக்கா வாசலுக்கு ஓடினா:
"கழட்டுங்க அந்தச் சேட்டை முதல்ல!
அது பழைய தோய்ப்பு!"