மூணு சுழி

ஒரு கண்ணில் கொக்கி,
மறு கண்ணில் பென்சில் முனை.
நுண்ணோக்கியின் பக்கக் குழாய்
இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்து வைக்கிறது.
கோட்டின் மேல் மூச்சுவிடாமல் நடக்கிறேன்.

புள்ளிக் கெண்டை. இடப்பக்கச் செவுள்.
இரண்டாவது வளைவு, நடுவிலிருந்து சற்றே கீழே.
அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு.
பின்முனையில் நான்கு பெரிய கொக்கிகள்,
சுற்றிலும் பதினான்கு பொடிசு.
உடம்பு சாட்சி சொல்லாது,
கண்ணாடி வில்லையின் கீழ் நசுங்கிக் கரைந்துவிடும்.
கொக்கிதான் கையெழுத்து.

ஏற்கெனவே பெயர் வாங்கிய இனத்துக்கு
கொக்கியின் அடியில் ரெண்டு சுழி.
இதற்கு மூணு.

உட்லண்ட்ஸில் தமிழ் வகுப்பில்
டண்ணகரம், றன்னகரம் என்பார் ஆசிரியர்.
எங்களுக்கு மூணு சுழி, ரெண்டு சுழி. அவ்வளவுதான்.
என் பெயரில் இருப்பது மூணு சுழி.
அடையாள அட்டைக்கு அந்த வித்தியாசம் காதில் விழாது.
குனவதி என்று கூப்பிட்ட எல்லோருக்கும்
திரும்பிப் பார்த்திருக்கிறேன், கோபமில்லாமல்.
இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று
இரவு ஒன்றரை மணிக்கு
ஒரு புழுவிடம் சொன்னேன்.

இதழிலிருந்து பதில் வந்தது.
சுவாரசியம்.
ஆனால் ஒரே ஒரு மாதிரி.
அந்தச் சுழி வெறும் மடிப்பாகவும் இருக்கலாம்.
இன்னும் சில வேண்டும்.

அனுமதிக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
நீ சூன் சதுப்புக்காட்டுக்குப் போனோம்,
ரஃபியாவும் நானும்.
முதல் நாள் சிவப்புக் கொடி. துப்பாக்கிப் பயிற்சி.
வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாசி லெமாக் தின்றோம்.
ஒவ்வொரு வெடிக்கும்
"மீனுக்குக் கேட்குமா?" என்றாள்.
இரண்டாம் நாள் மழை.
மூன்றாம் நாள்,
பாலில்லாத தேநீர் நிறத்தில் முட்டளவு தண்ணீர்,
அதில் இருபத்திரண்டு கெண்டை.

கிராம்பு எண்ணெயில் ஒவ்வொன்றாகத் தூங்கின.
மடக்கு மேசையில் செவுள் மூடியைத் திறந்தேன்.
சிவப்பு.
அடுத்தது. சிவப்பு.
இன்று வாங்கிய சீப்பைப் போல
ஒரு பல்லிலும் ஒன்றும் ஒட்டவில்லை.
பத்து. பதினாறு. இருபத்தொன்று.
இவ்வளவு ஆரோக்கியமான மீன்களை
நான் பார்த்ததே இல்லை.
என் விரல்கள் பிரியாணிபோல் மணந்தன.

"நல்ல செய்திதானே, குனா?" என்றாள் ரஃபியா.

வாளியில் ஒன்று பாக்கி.
ஓரத்தை உரசி உரசிச் சுற்றியது.
செவுள் திறந்தது, மூடியது, திறந்தது.
அதை ஓடையில் விட்டுவிட்டேன் என்று
எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.
விடவில்லை.

இரண்டாவது வளைவில்
ஏதோ நீண்டது.
சுருங்கியது.
மறுபடி நீண்டது.

சின்னச் சீசாவை
இரு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பேருந்தில் வருகிறேன்.
ஈசூனில் ஏறிய பையன் எட்டிப் பார்த்து,
"உள்ளே ஒண்ணுமே இல்லையே ஆன்ட்டி" என்கிறான்.
இன்னும் எண்ணவில்லை, தம்பி.