காது கொடுத்தவர்கள்

பதினோரு பேர், நான்கு இரவு.
தலைக்கு நூற்று முப்பது டாலருக்கு மேல் தாங்காது.
ஹார்லனின் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை.
கோதுமை ஆகாதவர்கள் இருவர்.
லையல் குறட்டை விடுவார், தனியறை.
எல்லாம் தாளில் எழுதிக்கொண்டோம்.
அமைதி என்பதை எழுதவில்லை.
அதற்காகத்தானே போகிறோம், எழுதுவானேன்.

அவசர அழைப்பு மையத்தில் இரவுப் பணி எங்களுக்கு.
"எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்று தொடங்குவோம்.
எதிர்முனையில் அழுகை, நாய்க் குரைப்பு,
எங்கோ மூடாமல் விட்ட குழாய்,
சில இரவு மூச்சு மட்டும்.
காது கொடுத்துக் கொடுத்து
இனிக் கொடுக்கக் காது மிச்சமில்லாதவர்கள்.

மார்ச் கடைசியில் கோரினும் நானும்
இடம் பார்க்கப் புறப்பட்டோம், மேய்ன் கடற்கரையோரம்.
வழியெல்லாம் உப்பும் மண்ணும் கலந்த பழம்பனி.
வண்டியில் அவள் பாட்டுப் போடவில்லை.
போடேன் என்று நானும் சொல்லவில்லை.

முதல் வீடு ஒரு காலத்தில் கன்னியர் மடம்.
சுவருக்குச் சுவர் பலகை.
கதவை மெல்லச் சாத்தவும்.
படியில் காலணி ஒலிக்க வேண்டாம்.
பேசாதிருப்பதன் பயன்கள், ஒன்பது.
வாயைத் திறக்காமலே அந்த வீடு
எங்களை அதட்டிக்கொண்டிருந்தது.
கோரின் தும்மினாள்.
அலுவலகப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
மடம் அத்தோடு சரி.

இரண்டாவதில் தரை முதல் கூரை வரை கண்ணாடி.
அப்பால் அசல் கடல்.
அதன் சத்தம் ஒரு பொட்டும் நுழையாமல் அடைத்துவிட்டு
உள்ளே ஒலிபெருக்கியில் அலை போடுகிறார்கள்.
விலை சொன்னார்கள்.
ஊர் வந்ததிலிருந்து கிடைக்காத அமைதி
அப்போது கிடைத்தது எங்களுக்கு.

மூன்றாவது, மத்தி டப்பா ஆலையின் பழைய தொழிலாளர் விடுதி.
போய்ச் சேரும்போது நான்கு மணி,
மூடுபனியில் வண்டியின் மூக்குக்கூடத் தெரியவில்லை.
சாவிக்கொத்தோடு வந்தார் வென்டல் பீல்.
இரும்புக் கட்டில்கள், எண்ணினேன், பதினான்கு.
அடுப்பில் இரண்டு கண் எரியாது.
சரிவுப்பாதை உண்டு,
குளிர்பெட்டியை ஏற்றுவதற்காக அவரே அடித்தது.
"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.
சொல்வதற்குள் அதுவே சொன்னது.

பனிச்சங்கு.
ஜன்னல் சட்டமும் என் முன்பல்லும் ஒன்றாக அதிர்ந்தன.
அரை நிமிடம். மறுபடியும்.
"மூன்று குழுக்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிப் போனார்கள்" என்றார்,
தானே ஊதியதுபோல் தலையைக் குனிந்துகொண்டு.
"ராத்திரி பூராவும் இப்படித்தானா?"
"இல்லையம்மா. தானாக ஊதாது.
பனிக்குள் வழி தெரியாத படகுக்காரர்
வானொலிப் பொத்தானை ஐந்து முறை அமுக்குவார்.
முக்கால் மணி நேரம் ஊதும், பிறகு ஓய்ந்துவிடும்."

கோரின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.
மேல்கோட்டைக் கழற்றவில்லை.
"இப்போது யாரோ கூப்பிட்டிருக்கிறார்களா?"
"ஆமாம்."
"பதில் போகிறது?"
"போகிறதே, கேட்கிறதே உங்களுக்கு."

நான் அவள் கையைப் பார்த்தேன்.
பத்தொன்பது வருடமாக
மணி அடித்தால் தானே எழும்பும் வலது கை
மடியில் கிடந்தது,
யாருடையதோ போல.

வெளியே, கண்ணுக்குத் தெரியாத எங்கோ
நண்டுக்கூண்டு ஏற்றிய படகொன்று
சங்கைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கலாம்.
அவர் பெயர் என்ன, எத்தனை பேர், அடிபட்டிருக்கிறதா,
ஒன்றும் நாங்கள் கேட்க வேண்டியதில்லை.
அடுத்த ஊதலுக்குக் காத்திருந்தேன் என்பதை
அது வந்த பிறகுதான் அறிந்தேன்.

வென்டல் வாசலில் நின்று
சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்,
நாங்களும் எழுந்து போய்விடுவோம் என்று.
காசோலைப் புத்தகத்தை எடுத்தேன். தாள் ஈரம், மை பரவியது.

"லையலுக்குத் தனியறை வேண்டாம்" என்றாள் கோரின்.
"சங்குப் பக்கத்து ஜன்னலோரம் போடு.
யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம்."